டென்ஷன்தான் காரணமாம்!

அப்பா போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம். துஷ்டி கேட்க வந்த அத்தனை பேரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "அண்ணாச்சி ரொம்ப டென்ஷன் பார்ட்டில்லா, அதான்." ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆன மனுஷன். காலையில் டீயும் பேப்பரும், சாயங்காலம் கோயில் திண்ணை. அவருக்கு என்னய்யா டென்ஷன்?

இருந்தது. ஆனால் அது வேற டென்ஷன்.

பதினாறு வருஷமாகப் புனேயில் ஹைட்ராலிக் ஹோஸ் டிசைன் செய்து வயிற்றைக் கழுவுகிறவன் நான். அழுத்தம் தாங்கும் குழாய் எங்கே கிழியும், ஏன் கிழியும் என்று கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம். என் அப்பா செத்ததே ஒரு குழாய் கிழிந்துதான். இதயத்திலிருந்து கிளம்பும் அயோர்ட்டா என்கிற பெருந்தமனி. அதன் சுவர் வாழைத்தண்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். உள் அடுக்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ரத்தம் அதற்குள் புகுந்து அடுக்குகளைப் பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே போகும். டாக்டர்கள் இதை டிசெக்‌ஷன் என்கிறார்கள். கோவில்பட்டியில் இதற்குப் பெயர் வாயு!

ஆமாம், வாயு. ராத்திரி சாப்பிட்டு எழுந்தவருக்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கத்தியால் கிழித்த மாதிரி வலி. அம்மா பூண்டு நசுக்கிக் கொடுத்தாள். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி. விடிந்த பிறகு போன ஆஸ்பத்திரியில்தான் மீசை கூட சரியாக முளைக்காத ஒரு டாக்டர் தம்பி இரண்டு கையிலும் தனித்தனியாக பிரஷர் பார்த்தார். இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். உடனே எக்கோ, சி.டி. ஸ்கேன். ஆபரேஷனுக்கு மதுரை கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது எல்லாம் முடிந்துவிட்டது. இதயத்துக்குப் பக்கத்தில் கிழிந்தால் முதல் இரண்டு நாளில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் பேர் போய்விடுவார்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நாங்கள் பூண்டு நசுக்கியே ஒன்பது மணி நேரத்தைத் தின்றோம்.

சரி, மேட்டருக்கு வருகிறேன். அந்தத் தம்பி அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். அப்பாவுக்கு அயோர்ட்டா வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான். நூற்றில் ஒருவர், இருவருக்கு இப்படி இருக்கும், குடும்பத்தில் தொடரும், அயோர்ட்டாவும் வீங்கலாம், அதனால் பிள்ளைகள் எல்லோரும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். நான் புனே வந்து எடுத்தேன். இரண்டு இதழ். அயோர்ட்டா 4.2 செ.மீ. இப்போது மாத்திரை, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். தங்கச்சி எடுத்தாள், ஒன்றுமில்லை. அண்ணன்?

"ஏல, பிள்ளைக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பப் போயி குடும்பத்துல சீக்கு இருக்குன்னு ஊருக்குத் தமுக்கடிக்கப் போறியா? அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். அம்புட்டுதான். வாய மூடு."

இந்த 'அம்புட்டுதான்' மீதுதான் எனக்குக் கொலைவெறி. ஹார்ட் அட்டாக் என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பது. இது பெருங்குழாய் உரிவது. அடைப்பென்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் ஆளே காலி. இரண்டையும் ஒரே பெயரில் புதைத்தால் அடுத்த தலைமுறையும் பூண்டுதான் நசுக்கும்.

'விதி' என்கிறாள் அம்மா. அம்மாவிடம் சண்டை போட முடியாது. ஆனால் உங்களிடம் சொல்கிறேன், இதில் விதியை விட கணக்கு அதிகம். குழாய்ச் சுவரில் உண்டாகும் இழுவிசை (இதுதான் அசல் டென்ஷன்!) அழுத்தத்தோடும் ஆரத்தோடும் ஏறும், சுவரின் தடிமன் கூடினால் இறங்கும். 3 செ.மீ. குழாய் 4.5 ஆகி, பிரஷர் 120 லிருந்து 160 ஆனால் இழுவிசை சரியாக இரண்டு மடங்கு. வீங்கிய சுவர் மெலிந்தும் போனால் அதற்கும் மேல். சுவருக்கு ரப்பர் மாதிரி துள்ளல் கொடுக்கும் எலாஸ்டின் நார் சின்ன வயசில் உற்பத்தியாவதோடு சரி, பிறகு புதுசாக வருவது சொற்பம். நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. அப்பாவின் 62 வருஷத்துக்கு 200 கோடிக்கு மேல். எங்கள் கம்பெனி டெஸ்ட் பெஞ்சில் எந்த ஹோஸும் அதன் பக்கத்தில்கூட வராது.

எனக்குத் தூக்கம் போனது வேறொரு இடத்தில். அழுத்தம் தாங்கும் எந்தக் குழாயும் நீளவாக்கில்தான் பிளக்க வேண்டும், ஏனென்றால் சுற்றுவாக்கு இழுவிசை நீளவாக்கு இழுவிசையைப் போல இரு மடங்கு. ஆனால் அயோர்ட்டாவின் உள்கீறல் பெரும்பாலும் குறுக்குவாக்கில் விழுகிறது! 2004 இல் வந்த ஒரு ஆய்வு இதற்கு விடை சொல்லப் பார்த்தது: ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அயோர்ட்டாவின் அடியைக் கீழே இழுக்கிறது, அந்த இழுப்பில் நீளவாக்கு இழுவிசை ஏறுகிறது. கிணற்று வாளிக் கயிறு மாதிரி, தினம் லட்சம் தடவை.

இன்னொன்று. 1970 இல் புரோகாப், பாமர், வீட் என்ற மூவர் பிளாஸ்டிக் குழாய்க்குள் ரப்பர் பூசி, அதில் கீறல் போட்டுப் பார்த்தார்கள். சீரான ஓட்டத்தில் அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் கிழிசல் பரவவில்லை. துடிப்பாகத் தள்ளினால் பரபரவென்று உரிந்தது. ஆக, பிரஷர் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் எமன். அந்த வீட் 1965 லேயே ஆபரேஷன் இல்லாமல் மருந்தால் வேகத்தைக் குறைக்கும் வைத்தியத்தை எழுதியவர். அவர் பயன்படுத்திய மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அயோர்ட்டா கிழிந்து சாகும் வான்கோழிகளைத் தீவனத்தில் கலந்து காப்பாற்றிய மருந்து. அது எதிலிருந்து வந்தது? நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து. அந்த வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று 1949 இல் உலகத்துக்கு எழுதியவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல். (உடனே நாட்டுமருந்துக் கடைக்கு ஓடாதீர்கள் சாமிகளா. இன்றைக்கு அதைவிட நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.)

டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ரொம்ப காலம் 5.5 செ.மீ. தாண்டினால்தான் கத்தி என்று ஒரு கோடு வைத்திருந்தார்கள். 2007 இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டுக் கணக்கில், இதயத்துக்குப் பக்கத்தில் கிழிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே! வெறும் விட்டத்தை வைத்து ஒரு ஹோஸுக்கு நான் கையெழுத்துப் போட்டால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். சுவரின் பலத்தை உயிரோடு இருப்பவரிடம் அளக்க இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு எங்களை மாதிரி ஆட்களும் உட்கார வேண்டும், குடும்பங்கள் வாயைத் திறக்கவும் வேண்டும்.

அண்ணன் மகன் ஜிம்முக்குப் போகிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காலால் பளு தள்ளுகிற போட்டோவை குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தான், அண்ணன் நாலு கைதட்டல் போட்டிருந்தார். அப்படித் தள்ளும்போது தமனிக்குள் குழாய் வைத்து 1985 இல் அளந்திருக்கிறார்கள். சராசரி 320க்கு 250. நல்ல குழாய்க்கு ஒன்றும் ஆகாது. இவன் குழாய் எப்படி என்று யாருக்குத் தெரியும்? பார்க்கக்கூடாது என்று அவனைப் பெற்றவரே சொல்கிறார், அக்காவுக்குக் கல்யாணம் ஆகணுமாம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே சொல்லிவிடுவேன் என்று போன வாரம் போனில் கத்திவிட்டேன். சொல்ல மாட்டேன், அது என் உரிமை இல்லை. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். மூன்று பேருக்கு எக்கோவுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அண்ணன் வராவிட்டால் போகட்டும், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பதினெட்டு தாண்டிவிட்டது. நேற்று ராத்திரி அண்ணி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "கொழுந்தனாரே, அதுக்கு வெறும் வயித்துல வரணுமா?"

வேண்டாம் அண்ணி, சாப்பிட்டே வரலாம்.