'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாகிடும்'... உண்மையா? மனச்சிதைவு நோய் பற்றி சென்னை ஆய்வுகள் சொல்வது என்ன?

பையன் தனியா பேசுறான், பொண்ணு ரூமை விட்டு வெளியே வர்றதில்லை. இப்படி ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், டாக்டரைப் பார்க்கும் முன்பே உறவினர்கள் சொல்லும் தீர்வு ஒன்று உண்டு: "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாகிடும்." இது சரியா? சென்னையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில் இதற்குப் பதில் இருக்கிறது.

மனச்சிதைவு என்றால் என்ன?

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு, மூளையின் செயல்பாட்டைப் பாதிக்கும் நோய். யாரோ பேசுவது போல காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், குளிக்கவோ சாப்பிடவோ ஆர்வம் இல்லாமல் ஒதுங்கிப்போவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். 'அந்நியன்' படத்தில் வரும் பல ஆளுமைப் பிரச்னை வேறு, இது வேறு. உலகம் முழுவதும் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சென்னையில் என்ன ஆய்வு?

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அவருடன் இணைந்து அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் ஆர்.தாரா. 1980-களின் தொடக்கத்தில் முதல்முறையாக இந்த நோய்க்கு ஆளான 90 பேரை, அவரது குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது.

20 ஆண்டுகள் கழித்து 61 பேரைப் பற்றிய விவரங்கள் கிடைத்தன. முழுமையாக மீண்டவர்கள் சிலரே. இடைவிடாமல் நோயுடனேயே இருந்தவர்களும் சிலரே. பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. அதாவது, இந்த நோய் வந்தால் வாழ்க்கையே முடிந்தது என்பதும் தவறு, ஒருமுறை சரியானால் இனி வரவே வராது என்பதும் தவறு.

அப்போ கல்யாணம்?

இதே நோயாளிகளின் திருமண வாழ்க்கையை 10 ஆண்டு முடிவில் தாரா ஆராய்ந்தார். பெரும்பாலான திருமணங்கள் நீடித்திருந்தன. ஆனால் திருமணம் நீடிப்பது வேறு, திருமணத்தால் நோய் குணமாவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கலே!

2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு, நோயால் பாதிக்கப்பட்டு கணவரைப் பிரிந்த 75 பெண்களைப் பற்றியது. மனநோய் என்ற முத்திரையை விட, 'வாழாவெட்டி' என்ற பேச்சுதான் அந்தப் பெண்களையும் அவர்களின் குடும்பத்தையும் அதிகம் வாட்டியது என்று அந்த ஆய்வு காட்டியது. தீர்வு என நினைத்துச் செய்யும் திருமணம் முறிந்தால், நோயோடு இன்னொரு சுமையும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு, விவாகரத்துக்கான காரணங்களில் ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்குத் தீவிரமாக இருக்க வேண்டும் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முக்கிய விஷயத்தை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கோரவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. "இப்போ சொல்ல வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மறைப்பது, பின்னால் கோர்ட் வரை இழுத்துச் செல்லலாம்.

குடும்பம் என்ன செய்யணும்?

* முதலில் மனநல மருத்துவர், பிறகுதான் ஜாதகம். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

* நோய் கட்டுக்குள் வந்த பிறகு திருமணம் பற்றிப் பேசலாம். வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்யட்டும்.

* எதிர் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். முடிந்தால் இரு தரப்பும் சேர்ந்து டாக்டரிடம் பேசுங்கள்.

* கல்யாணம் ஆனதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. நோய் திரும்ப இது முக்கியக் காரணம். குழந்தை பெறத் திட்டமிடும்போதும் டாக்டரைக் கேட்டே மருந்தை மாற்ற வேண்டும்.

திருமணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. அதேநேரம், சிகிச்சையில் இருப்பவருக்குத் திருமணமே கூடாது என்பதும் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.