மாற்றிப் பழக்குகிறோம் என்ற பெயரில்

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வரும் உறவினர்களில் ஒருவராவது இந்த யோசனையைச் சொல்லிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கீழே வைப்பார்: “தினமும் ஒரே மாதிரி செஞ்சு நீங்களேதான் பழக்கிட்டீங்க. வேணும்னே நாலு தடவை மாத்திப் பாருங்க. கொஞ்ச நாள் அழும், அப்புறம் தானா வழிக்கு வந்துடும்.” சொல்பவர் கெட்டவர் அல்ல. அவர் மட்டும் இப்படிச் சொல்வதும் இல்லை. சில தெரபி மையங்களிலும் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளிலும் இதே கருத்து கொஞ்சம் இஸ்திரி போட்ட உடுப்பில் நடமாடுகிறது. பிள்ளைக்கு நெகிழ்வு வரவேண்டும் என்பார்கள். அதற்காகச் சாப்பாட்டுத் தட்டை மாற்றி வைப்பார்கள், சொல்லாமல் வேறு தெரு வழியாகக் கூட்டிப்போவார்கள், வரிசையாக அடுக்கியிருக்கும் பொம்மைக் கார்களைக் கலைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த யோசனைக்கு அடிப்படையாக, ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் கடிகாரத்துக்குப் பிறந்தவர்கள், மாற்றம் என்றால் ஆகாது என்று முதலில் எடுத்துக்கொள்கிறோம். அந்த இறுக்கம் ஒரு பிடிவாதம், உடைத்தால் உடையும் என்பது அதன்மேல் கட்டிய மாடி. அஸ்திவாரமே சரியில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டை உலகின் பல நாடுகளில், நம் ஊரிலும், மருத்துவர்கள் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிசத்தை மதிப்பிடுகிறார்கள். அதில் சமூக உறவு, தகவல் பரிமாற்றம் சார்ந்த அம்சங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் நான்கு அம்சங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, எதுவும் மாறக்கூடாது என்ற வற்புறுத்தல், குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும் தீவிர ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை போன்றவற்றில் மிகையான அல்லது குறைவான உணர்வு. மறுபக்கத்தைப் பொறுத்தவரை இந்த நான்கில் இரண்டு இருந்தால் போதும். அதாவது, தினசரி ஒழுங்கைப் பற்றிக் கவலையே படாத ஒருவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம். “இவன் எங்க கூப்பிட்டாலும் வர்றான், இவனுக்கெல்லாம் ஆட்டிசம் இருக்காது” என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இது தெரியவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டிசமும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் குறைபாடும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டதே அந்த 2013 கையேடுதான். அதற்கு முன் விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டும் உள்ளவரின் பாடு தனி. ஒழுங்கு இருந்தால்தான் அவருக்கு மூச்சு வரும், ஆனால் அந்த ஒழுங்கைத் தானாக உண்டாக்கிக் காப்பாற்ற முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சோம்பேறி, கவனமில்லாதவர். காலையில் பல் துலக்கத் தொடங்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மனம் இல்லாமல் அல்ல, ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு நகர முடியாமல். இவர்களை எல்லாம் 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ என்ற ஹாலிவுட் படம், ஆட்டிசம் உள்ளவர் என்றால் இப்படித்தான் என்று நம் தலையில் பதித்துவிட்ட அச்சில் வைத்துப் பார்த்தால் ஒருவர்கூடப் பொருந்தமாட்டார்.

சரி, மாறாமை வேண்டும் என்று உயிரை விடுகிறவர்களுக்கே வருவோம். அதற்கு முதல் சாட்சியிடமே போகலாம்.

லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்கள். அவர்களில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சிறு வயதில் பகல் தூக்கம் முடிந்து எழுந்தால், இறங்க வேண்டுமா என்று அம்மா குறிப்பிட்ட சொற்களில் கேட்கவேண்டும். எந்தச் சொற்களில் என்பதையும் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும். சொல் பிசகினால் இறங்கமாட்டான், ஒரே கூச்சல். இப்படிப் பல சடங்குகள். அந்தப் பிள்ளைக்கு 1937இல், நான்கு வயதுகூட நிறையாதபோது, வந்து சேர்ந்த மருந்து என்ன தெரியுமா? சூழல் மாற்றம். காசநோய்த் தடுப்புக்காகக் குழந்தைகளை வைத்திருந்த ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம். அங்கே பிள்ளை நெகிழவில்லை, இன்னும் உள்ளே போய்விட்டான். பெற்றோரே அழைத்துக்கொண்டு வந்தார்கள். நம் உறவினர் காபி டம்ளரோடு சொல்லும் வைத்தியம், ஆட்டிசம் என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு வருவதற்கு முன்பே அவன்மேல் சோதிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். ஒன்பது வயதில் டொனால்ட் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் வாழப் போனார். அவர்கள் படித்த நிபுணர்கள் அல்ல. பையனுக்கு எதை எடுத்தாலும் அளக்கவேண்டும் என்ற வெறி. அவர்கள் கிணறு தோண்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். எறியாமல், ஒரு மூலையை ஒதுக்கிக் கல்லறை வைக்கச் சொன்னார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். 1945இல் பார்க்கப்போன கானர் அசந்துபோனார், அந்தத் தம்பதியின் விவேகத்தைப் பிற்பாடு எழுதியும் வைத்தார். பையன் எண்ணுவதை யாரும் நிறுத்தவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏரோடு போனது.

டொனால்ட் கல்லூரி முடித்தார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். தினசரி காபி, நடை, கோல்ஃப் என்று மாறாத ஒழுங்கில் வாழ்ந்து, 2023இல் 89 வயதில் காலமானார். அதே மனிதர் இருபதுக்கும் மேற்பட்ட அயல்நாடுகளைப் பார்த்தவர். எகிப்துக்கும் இஸ்தான்புல்லுக்கும் ஒரு முறைக்கு மேல் போனவர். எந்தப் பயணமும் ஒரு வாரத்தைத் தாண்டாது, திரும்பினால் அதே ஊர், அதே காபி, அதே புல்வெளி. அவர் ஊர்சுற்றியது ஒழுங்கை விட்டுவிட்டு அல்ல, அது வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததால் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் இப்படி? எல்லாவற்றையும் விளக்கும் ஒரே கோட்பாடு கிடையாது. ஆனால் 2010களில் பல ஆய்வாளர்கள் ஒரே திசையை நோக்கினார்கள். லிஸ் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் 2012இல், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹா குழுவினர் 2014இல். அடுத்து என்ன வரும் என்று மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டிசத்தில் அந்த ஊகம் வேறுவிதமாக இயங்கலாம் என்பது இவர்களின் கருத்து. குக்கர் விசில், மாடிக் குழாய்ச் சத்தம், எதிர்வீட்டு மிக்சி எல்லாம் நமக்குச் சில நாளில் காதில் விழாமலே போய்விடும். ஒவ்வொரு முறையும் அவை புதிதாகவே வந்து விழுந்தால்? அப்படி ஓர் உலகத்தில், அடுத்த தெருமுனையில் பிள்ளையார் கோயில் வரும் என்பது நிச்சயமாகத் தெரிவது பெரிய விஷயம். வேன் டிரைவர் சாலைப் பள்ளத்துக்காக வேறு வழியில் திரும்பும்போது பிள்ளை இழப்பது பிள்ளையார் கோயிலை மட்டும் அல்ல. அடுத்து பள்ளிக்கூடம்தான் வரும் என்ற நிச்சயத்தையும் சேர்த்து இழக்கிறது. நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையும் பதற்றமும் ஆட்டிசத்தில் கைகோத்து வருவதை வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கானரே அந்த மாறாமை வேட்கையைப் பதற்றத்தோடு சேர்த்துத்தான் எழுதினார். பின்னால் வந்த நாம் பதற்றத்தை விட்டுவிட்டு வேட்கையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சாப்பாட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பிஸ்கட்டின் பிராண்டை மாற்றினால் கண்டுபிடித்துத் துப்பும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்கிறோம். இரண்டு பிஸ்கட்டும் ஒன்று என்பது நம் நாக்கின் தீர்ப்பு.

ஒழுங்கைப் பற்றிக் கேலி பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது. ராகு காலம் பார்க்காமல் கிளம்பாதவர், காலை பேப்பரும் டிகாஷன் காபியும் வராவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிறவர், மின்சார ரயிலில் தன் ஜன்னலோரத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் முறைக்கிறவர், இவர்களுக்கு எந்த மையத்திலும் நெகிழ்வுப் பயிற்சி கிடையாது.

வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கும் வைத்தியத்தில் பிள்ளை கற்பது என்ன? தெரிந்தவர்களும் திடீரென்று காலை வாருவார்கள் என்பதைத்தான். பாதுகாப்பு குறைந்தால் பிடி இறுகும். கார் வரிசையைக் கலைத்தவர் முன்னால் மறுநாள் அது இரு மடங்கு நீளும். சில பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிடுவது உண்மை. அதை முன்னேற்றம் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். அமைதியாகிவிட்ட பிள்ளை பழகிவிட்டதா, சொல்லிப் பயனில்லை என்று கைவிட்டுவிட்டதா என்று பிரித்துப் பார்க்க அந்தக் கோப்பில் இடமில்லை.

எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். தயிர்சாதம் ஒன்றையே சாப்பிடும் பிள்ளைக்குச் சத்துக் குறைகிறது. கதவை மூன்று தடவை மூடித் திறந்தால்தான் வெளியே வரும் பிள்ளையால் அக்காவுக்கு ஸ்கூல் பஸ் தவறுகிறது. சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையின் அம்மாவுக்கு, ‘அதன் உலகத்தை மதியுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. வழக்கம் விரியத்தான் வேண்டும். விரிக்கும் விதத்தில்தான் என் சண்டை. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷோப்லர் 1972இல் வளர்த்தெடுத்த டீச் முறையில் நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி வைப்பார்கள். பலர் அதை இறுக்கத்துக்குத் தூபம் போடுவது என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் படத்தை மாற்றி வைக்கலாம். இன்று நீச்சல் இல்லை, பூங்கா என்று பிள்ளையின் கண்முன்னே அட்டையை மாற்றுவார்கள். மாற்றமே முன்கூட்டித் தெரிந்த ஒன்றாகிவிடுகிறது. கெஞ்சலும் கிடையாது, பொறியும் கிடையாது.

அதற்காக அட்டவணையைத் தெய்வமாக்கினால் அது வேறு கொடுமை. காலை 7 மணிக்கு ஆக்குபேஷனல் தெரபி, 8 மணிக்கு ஸ்பீச் தெரபி, சாயங்காலம் வீட்டில் செய்யவேண்டிய ஹோம் ப்ரோக்ராம், நடுவில் யோகா என்று பெரியவர்கள் போட்ட கால அட்டவணையில் பிள்ளையை அடைத்துவிட்டு, “ஆட்டிசம் குழந்தைகளுக்கு ரொட்டீன்தான் பிடிக்கும்” என்கிறார்கள். தான் உண்டாக்கிய ஒழுங்கில் ஒருவர் இளைப்பாறுவார். அடுத்தவர் திணித்த ஒழுங்கில் வேலைதான் பார்ப்பார். கார்களை அடுக்குவது முதல் வகை என்பதால் அதைக் கலைக்கிறோம், ஹோம் ப்ரோக்ராம் இரண்டாம் வகை என்பதால் அதற்கு ஸ்டிக்கர் கொடுக்கிறோம்.

ஒழுங்கின் அருமையை அரசுகள்கூட எப்போதாவது புரிந்துகொண்டது உண்டு. கொரோனா ஊரடங்கில் நாளுக்கு ஒருமுறைதான் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று இங்கிலாந்தில் இருந்த கட்டுப்பாட்டை, 2020 ஏப்ரலில், ஆட்டிசம் உள்ளவர்கள் போன்றோருக்காகத் தளர்த்தினார்கள். இந்தியாவில் மார்ச் 24 இரவு அறிவித்து நள்ளிரவு முதல் அமலுக்கு வந்த ஊரடங்கில், காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேனுக்காக வாசலில் நின்ற பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதை அவரவர் வீட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒழுங்கு ஒரே நாளில் அறுந்துபோவது கொரோனாக் காலத்தோடு முடியவும் இல்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் 18 வயதை ஒட்டிப் பல சிறப்புப் பள்ளிகளில் படிப்பு முடிந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அதே வேன், அதே வகுப்பு, அதே அக்காவிடம் சாப்பாட்டு டப்பா. ஒரு வெள்ளிக்கிழமை மாலை போட்டு, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் ஆகிவிடும். திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அந்த மாணவர் பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போடுகிறார். போக இடமில்லை. சில மாதத்தில் வீட்டுக்குள் எல்லாவற்றையும் அடுக்கத் தொடங்குகிறார், ஒரே சட்டையைத்தான் போடுவேன் என்கிறார், அடிக்கவும் செய்கிறார். “வயசாக ஆகப் பிடிவாதம் ஜாஸ்தி ஆகுது டாக்டர்” என்று சொல்லி மாத்திரை வாங்கி வருகிறோம். டொனால்டுக்கு அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு வங்கி இருந்தது.