'பெண்ணைக் காணவில்லை'

சின்ன ஊரில் இரண்டு பெண்கள் கைகோர்த்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையே சுதந்திரம் என்று தோழிகள் சிலர் பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. மாப்பிள்ளை பார்க்கும்வரைதான் அதெல்லாம்.

2018இல் 377இன் பிடி தளர்ந்தது, நல்லது. ஆனால் பெண்களைத் துரத்துவது 'மகளைக் காணவில்லை' என்று வீட்டார் எழுதித்தரும் புகார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இருவரைத் தேடி அப்படித்தான் இரண்டு வழக்குகள் பதிவாயின. வயதுவந்தவர்கள், விருப்பப்பட்டு வந்தவர்கள் என்றால் வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடியுங்கள் என்று 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார்.

கேட்டார்களா? 2025இல் உயர்நீதிமன்றம் மீட்ட பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பிவைத்ததே போலீஸ்தான். வீட்டில் அடி, 'சரியாக்க' சடங்கு வேறு. அவருக்கு வயது 25. மகளிர் காவல் நிலையச் சுவர்களில் அந்த 2021 உத்தரவை ஒட்டச்சொல்லி நம் சங்கங்கள் எப்போது மனு கொடுக்கப்போகின்றன?