மெஷினைத் திட்டுறதுக்கு முதல் நேரத்தை அளந்து பாருங்கோ

எங்கட குழுவில எல்லாருக்கும் பழகிப்போன ஒரு வசனம் இருக்கு: "பில்ட் ஓடுது, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்." போன மாதம் ஒரு நண்பர் தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்து, "இந்த லப்டொப் சரிவராது, கடன்பட்டாவது புதுசு வாங்கப்போறன்" என்று சொல்லிவிட்டார். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு லப்டொப் என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அவரைக் கடைக்கு விடாமல் மறித்து இருத்தினோம்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் 2இல்தான் அவர் வேலை செய்கிறார். 'மேக்' கட்டளைக்கு முன்னால் 'டைம்' என்று ஒரு சொல்லைப் போட்டு ஓடவிட்டோம். அது மூன்று எண்களைக் காட்டும். ரியல் என்பது சுவர் மணிக்கூட்டு நேரம். யூசர், சிஸ் இரண்டும் புரோசசர் உண்மையில் உழைத்த நேரம். ரியல் 11 நிமிடம். மற்ற இரண்டையும் கூட்டினால் 3 நிமிடம்கூட வரவில்லை. மிச்ச நேரம் முழுக்கப் புரோசசர் சும்மா காத்துக்கொண்டு இருந்திருக்கு! அதைவிட வேகமான புரோசசர் வாங்கினாலும் அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

எதுக்குக் காத்திருந்தது? புரொஜெக்ட் கிடந்தது விண்டோஸின் சி டிரைவில். டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெய்நிகர் இயந்திரம். அதற்குள் இருந்து சி டிரைவிலுள்ள பைலைத் தொடுவதென்றால், ஒவ்வொரு தடவையும் 9பி என்ற நெறிமுறை வழியாக அந்தப் பக்கம் கேட்டு வரவேணும். ஒரு பெரிய பைலுக்கு இது பெரிசாத் தெரியாது. ஆனால் மேக் ஒவ்வொரு பைலும் எப்ப மாறினது என்று பார்க்கும். கம்பைலர் ஒவ்வொரு ஹெடரையும் தேடும். சீனி வாங்க ஒருக்கா, தேயிலை வாங்க ஒருக்கா என்று கடைக்கு நடக்கிற கதைதான், ஆயிரக்கணக்கான தடவை.

போல்டரை லினக்ஸின் ஹோம் பக்கம் மாற்றினோம். அதே பில்ட் 4 நிமிடத்துக்குள் முடிந்தது. ஒரு சதம் செலவில்லை. மைக்ரோசொப்ட்டின் வழிகாட்டியே இதைச் சொல்கிறது, நாங்கள்தான் வாசிக்கவில்லை.

எல்லா மந்தத்துக்கும் இதுதான் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. யூசர் நேரமே பெரிதாக வந்தால் வேலை உண்மையிலேயே பாரமானது. அப்பவும் மேக்குக்கு 'ஜே' கொடுத்து எல்லாக் கோர்களையும் வேலை வாங்கலாம். அதையும் அளவாகக் கொடுங்கோ: டபிள்யூஎஸ்எல் 2 வழக்கமாக மெஷினின் ரம்மில் பாதியைத்தான் எடுக்கும், அது நிரம்பி ஸ்வாப்புக்குப் போனால் இன்னும் பிந்தும். இவ்வளவும் பார்த்தும் காணாதென்றால், சரி, புதுசைப் பற்றிக் கதைப்பம்.

எங்கட கவலை ஒரு லப்டொப்பைப் பற்றினது மட்டும் இல்லை. "பழைய மெஷினில இதெல்லாம் ஏலாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புரோகிராமிங்கே காசுள்ள ஆக்களின்ர வேலை என்று ஒதுங்குகிற பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறம். அவர்களுக்கு அந்தப் பேச்சைச் சொன்னவர் ஒருக்காவது அளந்து பார்த்தவரா? அடுத்த முறை தேத்தண்ணிக்கு எழும்புறதுக்கு முதல் அந்த ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போங்கோ.