பத்தில் ஒரு பங்கு போதுமா?

ரமணாசிரமம் பக்கம் குடிவந்த பிறகாவது கோபம் குறையும் என்றிருந்தேன். குறையவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் நேற்று ரெக்கார்டு நோட்டோடு வந்தான். "தாத்தா, ஆம்ப்ளிஃபயர்ல 100 ஹெர்ட்ஸுக்கு கெயின் 188 கிட்ட வரணுமாம். எனக்கு 45தான் வருது. அழிச்சுட்டு சரியா எழுதிட்டு வான்னுட்டாங்க."

அவன் அளந்ததுதான் சரி!

எமிட்டர் பைபாஸ் கப்பாசிட்டரின் ரியாக்டன்ஸ், எமிட்டர் ரெசிஸ்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்று காலங்காலமாக ஒப்பிக்கிறோம். 1 கிலோ ஓமுக்கு 100 ஓம். அதாவது 100 ஹெர்ட்ஸில் சுமார் 16 மைக்ரோஃபாரட். ஆனால் கெயினைத் தீர்மானிப்பது அந்த 1 கிலோ ஓம் அல்ல, டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே இருக்கும் எமிட்டர் தடை. 1 மில்லி ஆம்பியரில் அது சுமார் 25 ஓம்தான். 4.7 கிலோ ஓம் கலெக்டர் ரெசிஸ்டரை 25ஆல் வகுத்துத்தான் 188 வருகிறது. அந்த 25க்குப் பக்கத்தில் கப்பாசிட்டரின் 100 ஓம் உட்கார்ந்திருந்தால் கெயின் எப்படி வரும்? கால்வாசிதான் வரும். 470 மைக்ரோஃபாரட் போட்டுப் பாருங்கள், 186 வரும்.

சூத்திரம் தப்பினால் திருத்தலாம். பார்த்த ரீடிங்கை அழித்து, வரவேண்டிய விடையை எழுதப் பழக்கினால் அதை எப்போது திருத்துவது?

"45ன்னே எழுதுடா, கீழே காரணத்தையும் எழுது" என்றேன். "மார்க் போனா அவனுக்குத்தானே சார் போகும்?" என்றார் அவன் அம்மா. நியாயமான கேள்வி. ஆசிரியர்களே, பதில் உங்களிடம்தான் இருக்கிறது.