குதிரை யாருடையது?

1833ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் சார்ள்ஸ் டார்வின் ரியோ நீக்ரோ நதியிலிருந்து புவனோஸ் அயர்ஸ் நகர்வரை குதிரையிற் சென்றார். நம் மாணவருக்கு இப்பயணம் ஒரு வீரசாகசக் கதையாகவே சொல்லப்படுகிறது. எல்லையற்ற புல்வெளி, வெட்டவெளியில் உறக்கம், கௌச்சோக்கள் எனப்படும் குதிரைவீரரின் தோழமை, புதைந்துகிடந்த பெருவிலங்கின் எலும்புகள்! எல்லாம் மெய்தான். ஆனால், அவர் ஏறிச்சென்ற குதிரை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

கொலராடோ நதிக்கரையில் ஜெனரல் றோசாஸ் பாளையமிறங்கியிருந்தான். பழங்குடி இந்தியரை அழித்தொழிப்பதே அவனது படையெடுப்பின் நோக்கம். படைக்கும் தலைநகருக்கும் தொடர்பு அறாதிருக்க வழிநெடுகக் காவற்சாவடிகளும் மாற்றுக் குதிரைகளும் வைத்திருந்தான். டார்வினுக்கு அனுமதிப் பத்திரமும் அரசாங்கக் குதிரைகளுக்கான ஆணையும் வழங்கியவன் அவனே. ஆகவே, அந்தச் 'சுதந்திரப் பயணி' சென்றது கொலைப்படையின் பாதையில்.

விஞ்ஞானியைப் பற்றிப் பேசுமிடத்து அரசியல் எதற்கு என்று முகஞ்சுளிக்கும் கனவான்கள் டார்வினின் நூலையே திறந்து பார்க்கட்டும். இருபது வயதைக் கடந்தவராகத் தோன்றும் பெண்கள் யாவரும் கொல்லப்படுவதை அவர் மறைக்காது எழுதினார். இது கொடுமையென்று அவர் சொன்னபோது, அவர்கள் பெருகிவிடுகிறார்களே, வேறென்ன செய்வது என்று பதில் வந்ததையும் எழுதினார். குழந்தைகள் விற்கப்படுவதற்காகவே உயிருடன் விடப்பட்டனர். இந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு எலும்புகளை மட்டும் மாணவருக்குக் காட்டுவோர் டார்வினுக்கும் நேர்மையானவரல்லர்.

டார்வினும் குறைக்கு அப்பாற்பட்டவரல்லர். றோசாஸ் நாட்டுக்கு நன்மை செய்வான் என நம்பியவர், அது முற்றிலும் பிழைத்ததென்று 1845ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறிப்பெழுத நேர்ந்தது. கொடுமையைக் கண்ட அவர் கண்ணுக்கு அதன் வேர் போதியளவு புலப்படவில்லை. றோசாஸ் வெறும் கொடியவனல்லன், அவனே பெருநிலக்கிழான். தோலும் உப்பிட்ட இறைச்சியும் ஏற்றுமதியாயின. அவ்விறைச்சி பிரேசிலிலும் கியூபாவிலும் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு உணவாயிற்று. மாடுகளுக்குப் புல் வேண்டும்; புல்வெளியில் மனிதர் இருந்தனர்.

றோசாஸ் 1852இல் வீழ்ந்தான், நிலப்பசி வீழவில்லை. 1878இல் ஆர்ஜென்ரீன அரசு ஒரு சட்டமியற்றிக் கடன்பத்திரங்களை விற்றது. நானூறு பெசோ செலுத்தியவருக்கு 2500 ஹெக்டயர் நிலம். றோக்காவின் பெரும்படை 1879இற் புறப்படுமுன்னரே, இந்தியர் குடியிருந்த மண் விலைபேசப்பட்டிருந்தது.