நேற்று வரை ஓடிய கேம் இன்று திக்குகிறதா? கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

தோப்பும்படியில் வாடகை வீடு, பாலம் தாண்டி எர்ணாகுளத்தில் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கேம். நேற்று வரை விநாடிக்கு 90 ஃப்ரேம் காட்டிய அதே கேம் இன்று 55-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் நீங்கள் கை வைக்கவே இல்லை. 'ஹார்பர் பக்கத்துல இருக்க, உப்புக் காத்து, கார்டு போயிருக்கும்' என்று நண்பர் சொல்கிறார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பென்டா மேனகாவுக்குக் கிளம்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். செலவு செய்ய இது நல்ல நேரமில்லை. மெமரி சிப்களை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 'க்ரூஷியல்' பெயரில் நமக்கெல்லாம் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பிரச்சினை பெட்டிக்குள் இல்லாமலும் இருக்கலாம். 2025 அக்டோபர் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள். அதே நாளில் விண்டோஸ் 11-க்கு வந்த மாதாந்திர அப்டேட்டின் எண் கேபி5066835. அதைப் போட்ட பிறகு சில கேம்களில் வேகம் குறையலாம் என்று நவம்பரில் என்விடியாவே ஒப்புக்கொண்டு, 581.94 என்ற அவசர டிரைவரை வெளியிட்டது. 'சில கேம்கள்' என்பதோடு சரி. எந்தெந்த கேம், எத்தனை சதவீதம் என்ற பட்டியல் அந்த அறிவிப்பில் இல்லை. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதைவிட எரிச்சலான வாக்கியம் கிடையாது. ஒரு மாதம் எத்தனை பேர் காரணம் தெரியாமல் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்களோ!

இது முதல் தடவையும் இல்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்த புதிதில் ரைசன் பிராசஸர்கள் திணறின. சில செயலிகளில் 3 முதல் 5 சதவீதம், சில இ-ஸ்போர்ட்ஸ் கேம்களில் 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று ஏஎம்டியே சொன்னது. அந்த மாதமே அப்டேட் மூலம் சரிசெய்தார்கள். யாரும் புது பிராசஸர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

சரி, உங்கள் வீட்டில் நடப்பது எது? கேமைத் திறந்து ஃப்ரேம் எண்ணிக்கையையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு சரிந்தால் சூடுதான் முதல் சந்தேகம். முதல் நிமிஷத்திலிருந்தே மந்தமாக இருந்தால் டிரைவர், அப்டேட், செட்டிங்ஸ் பக்கம் போங்கள்.

கொச்சி ஈரப்பதத்தைப் பலரும் குற்றம் சொல்கிறார்கள். ஈரப்பதம் நேரடியாக சிப்பைச் சூடாக்குவதில்லை. அறையின் வெப்பம் ஏறினால் சிப்பின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். 24 டிகிரி ஏசி அறையில் தப்பித்த லேப்டாப், மார்ச் மாதம் வெறும் ஃபேன் ஓடும் 33 டிகிரி அறையில் எல்லையைத் தொட்டுவிடும். உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஈரக் காற்றின் வேலை வேறு: தூசியைப் பிசுபிசுப்பாக்கி ஹீட்சிங்க் இடுக்குகளில் ஒட்டவைக்கும். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் தெரியும். அது 80-களில் ஏறும்போது ஃப்ரேம் இறங்கினால், சுத்தம் செய்வதற்கும் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதற்கும் மட்டும் கடைக்குப் போங்கள்.

சூடு இல்லையென்றால், விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, வேகம் குறைந்த நாளோடு தேதிகளை ஒப்பிடுங்கள். பொருந்தினால் முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்டேட்டை நீக்குவது கடைசி வழி. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு போய்விடும், அடுத்த மாத அப்டேட்டில் அதே கோளாறு திரும்பியும் வரலாம். என்விடியா கார்டு இல்லாதவர்களுக்கு 581.94 உதவாது என்பதையும் கவனியுங்கள்.

இன்னும் சில அற்ப காரணங்கள் உண்டு. லேப்டாப் சார்ஜரில் இல்லை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டீர்கள். பயாஸ் அப்டேட்டில் ரேமின் எக்ஸ்எம்பி அணைந்துவிட்டது. சிரிக்காதீர்கள், இவை அடிக்கடி நடப்பவைதான்.

'மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் வேகம் கூடும்' என்ற யோசனையும் சுற்றுகிறது. பொய்யில்லை, சில சூழல்களில் அது கேமிங் வேகத்தைப் பாதிக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. ஆனால் தீய மென்பொருள் விண்டோஸின் மையத்துக்குள் நுழையாமல் தடுப்பதும் அதுதான். அணைத்தால், விளையாடி முடித்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் தொடவே வேண்டாம்.